ஒன்பது புள்ளிப் பூட்டு

அத்தியாயம் 7

மகாராஜாவின் தாடையைக் கம்பி போட்டு இறுக்கியிருந்தார்கள். வலது கையின் ஐந்து விரல்களும் முறிந்து மாவுக்கட்டுக்குள் கிடந்தன. இடது கையில் ஒரு கீறல்கூட இல்லை.

"அட்ச்சவனுக்கும் ஒரு மனசாட்சி கீது மேடம்," என்றான் மண்ணாங்கட்டி. "திங்கிற கைய ஒடச்சிட்டு, கழுவுற கைய வுட்டு வச்சிருக்கான்."

லீலா சிரிக்கவில்லை. காக்கிச் சட்டையில் ஏட்டாக இருந்த காலத்தில் இதைவிட மோசமான உடம்புகளைப் பார்த்தவள். மேலதிகாரி ஒருவரின் கன்னத்தில் அறைந்துவிட்டு வேலையை விட்டு வந்தபின், ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மெஸ்ஸின் மாடியில் 'லீலா வெரிஃபிகேஷன்' என்று போர்டு மாட்டியிருந்தாள். ஃபேக்டரிகளில் புதிதாகச் சேருகிறவர்களின் விலாசம் நிஜமா, ஊரில் பெயர் எப்படி என்று விசாரித்துச் சொல்வது பிழைப்பு. நடுநடுவே இந்த மாதிரி நிஜமான வேலையும் வரும்.

மண்ணாங்கட்டி அவளுடைய உதவியாளன், ஷேர் ஆட்டோக்காரன். முன்னால் பிறந்த இரண்டும் தங்காததால் அவனுக்கு அந்தப் பெயர். இப்படிப் பெயர் வைத்தால் எமன் எடுத்துக்கொள்ள யோசிப்பான் என்பது பெற்றோர் போட்ட கணக்கு. அவன் வாயைக் கேட்டால் எமன் நிச்சயம் யோசிப்பான்.

"பாஸ்வேர்டு கேட்டு அடிச்சிருக்கானுங்க," என்றார் சப்-இன்ஸ்பெக்டர் அண்ணாதுரை. "நேத்து சாயங்காலம், தான் வேலை பாக்குற வேதவல்லி பேங்க் சுங்குவார்சத்திரம் பிராஞ்சுலேருந்து பைக்ல வந்துட்டு இருந்தவரை சர்வீஸ் ரோட்டுல மடக்கியிருக்காங்க. பர்ஸ் இருக்கு, மோதிரம் இருக்கு. பேங்க் கொடுத்த போன் மட்டும் இல்லை. கேஸ் தெளிவா இருக்கும்மா."

"மண்ணு, உன் போனைக் குடு," என்றாள் லீலா. வாங்கிக்கொண்டு கையைப் பின்னால் கட்டினாள். "இதோட பேட்டர்ன் என்ன? வாயால சொல்லு."

"அது இன்னா... மேலேருந்து கீழ வந்து... இல்ல, நடுவுல பூந்து..." மண்ணாங்கட்டியின் விரல் காற்றில் அலைந்தது. "அட, போனைக் குடு மேடம், போட்டுக் காட்றேன்."

"பாத்தீங்களா சார்? பேட்டர்ன் வாய்க்குத் தெரியாது. கைக்குத்தான் தெரியும். அது வேணும்கிறவன் காலை உடைப்பான், பல்லை உடைப்பான். பூட்டைத் திறக்கிற கையை உடைப்பானா?"

அண்ணாதுரை தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"பேட்டர்ன் அவனுக்கு முன்னாடியே தெரியும். இவரு பேசவும் கூடாது, எழுதவும் கூடாது. அதுக்குத்தான் தாடையும் வலது கையும்."

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த செல்வலட்சுமி நிமிர்ந்தாள். மகாராஜாவின் மனைவி. கோவில்பட்டிப் பக்கம். ஒரகடத்தில் ஒரு ஃபேக்டரி லைனில் வேலை. காலையில் மெஸ் மாடி ஏறி வந்து, "நான் வேலைக்குச் சேரும்போது நீங்கதானக்கா வீட்டுக்கு வந்து விசாரிச்சீக, இப்ப எம் புருஷனை அடிச்சது யாருன்னு விசாரிச்சுத் தாங்க" என்று கேட்டவள்.

"தெரிஞ்சிருக்காதுக்கா," என்றாள். "இவுக பேட்டர்னைப் போன வாரந்தான் மாத்துனாக. எனக்கு மட்டும்தான் காட்டுனாக."

"எதுக்கு மாத்தினாரு?"

"மூடிப்போன கம்பெனியில என்கூட வேலை பாத்த பிள்ளைகளுக்கு செட்டில்மென்ட் பணம் இந்த பேங்குலதான் வந்துச்சு. எல்லாரும் ஊருக்குப் போயிட்டாக. அவுக கணக்குல இருந்து யாரோ எடுக்காங்க. என் சிநேகிதி தங்கமாரிக்கு அம்புட்டும் போச்சு. இவுக எங்கிட்ட, யாரு எடுத்தான்னு கண்டுபிடிச்சிட்டேன், சாட்சி இந்த போனுக்குள்ள இருக்கு, சாமியே வந்து கேட்டாலும் பேட்டர்னைச் சொல்லிராதன்னு சொன்னாக."

மகாராஜா தலையை வேகமாக ஆட்டினான். கம்பிக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. பாவம், பெண்டாட்டிக்காகப் பயப்படுகிறான் என்று லீலா நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகப் பிற்பாடு தன்னையே திட்டிக்கொண்டாள்.

"சொல்லாதேம்மா. எங்ககிட்டகூட," என்று திரும்பியபோது வாசலில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி கலையாத சட்டை, ஒரு கையில் ஹார்லிக்ஸ், ஒரு கையில் ஆரஞ்சுப் பை. வேதவல்லி வங்கி சுங்குவார்சத்திரம் கிளையின் மேனேஜர் ரகுபதி. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று யாரும் கவனிக்கவில்லை.

"எங்க பேமிலி மெம்பரை இப்படிப் பண்ணிட்டானுங்களே மேடம்," என்றார். கண்கூடக் கலங்கியிருந்தது. பிறகு செல்வலட்சுமியிடம், "மாத்துத் துணிகூட இல்லாம இருக்கியேம்மா. கீழ என் கார் நிக்குது. வீட்டுக்குப் போய் எடுத்துக்கிட்டு வந்துடலாம், வா."

அவள் புருஷனின் நெற்றியைத் தொட்டுவிட்டுப் போனாள். மகாராஜாவின் முனகல் அதிகமானது. நர்ஸ் வந்து ஊசி போட்டாள்.

"தாடை பிஞ்சவனுக்கு ஹார்லிக்ஸ்," என்றான் மண்ணாங்கட்டி. "ஆரஞ்சு வேற. நக்கல் புடிச்ச மனுசன்."

*

வங்கிக் கிளை சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, ஒரு டீக்கடையின் மேலே இருந்தது. படியேறும்போதே போண்டா வாசனை. உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் ஒரு பெரிய போஸ்டர்: உங்கள் கடவுச்சொல்லை யாரிடமும் பகிராதீர்கள். அதற்குக் கீழே மேஜையின் திறந்த டிராயரில் நாலைந்து போன்கள் சார்ஜில் கிடந்தன.

கவுன்டரில் இருந்த ஜோதி, லீலா யாரென்று சொன்னதும் அழ ஆரம்பித்தாள். அழுது முடிக்கும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

"இந்த போனெல்லாம் யாரோடதும்மா?"

"ஆபீஸ் போன் மேடம். ஃபீல்டு ஸ்டாஃபோடது. ஃபேக்டரி கேட்டுல போன் உள்ள விட மாட்டாங்கல்ல? சேலரி அக்கவுன்ட் ஓபன் பண்ணப் போறவங்க இங்க வச்சுட்டுப் போவாங்க. நடுவுல அப்ரூவல் வந்தா நாங்க யாராவது அமுக்கிடுவோம்."

"பூட்டியிருக்குமே?"

ஜோதி ஒரு போனை எடுத்து விரலால் ஆங்கில 'வி' எழுத்தைப் போட்டாள். திறந்தது. அடுத்ததை எடுத்தாள். அதே 'வி', அதுவும் திறந்தது.

"வேதவல்லிக்கு வி. எல்லா போனுக்கும் இதுதான். யார் லீவு போட்டாலும் வேலை நிக்கக் கூடாதுன்னு ரகுபதி சார் ஆர்டர்."

மண்ணாங்கட்டி போஸ்டரைப் பார்த்தான், போன்களைப் பார்த்தான். "எங்க ஸ்டாண்டுல பதினஞ்சு ஆட்டோ கீது. ஒரே சாவி வச்சுக்கலாம்னு இதுவரிக்கும் எவனுக்கும் தோணல. படிக்காதவனுங்க."

"இந்த அப்ரூவல்னா என்ன?" என்றாள் லீலா.

"கணக்குல இருக்கிற மொபைல் நம்பரை மாத்தணும்னா ரெண்டு பேர் ஓகே பண்ணணும் மேடம். ஒண்ணு சார் போன்ல, ஒண்ணு மகாராஜா போன்ல. நம்பரை மாத்திட்டா அப்புறம் அந்தக் கணக்குல யார் பணம் எடுத்தாலும் கணக்குக்காரருக்கு மெசேஜ் போகாது."

"சிம்மைக் கழட்டி வேற போன்ல போட்டுக்கினா?" என்றான் மண்ணாங்கட்டி.

"முடியாது. அந்த ஆப் அந்த ஒரு போன்ல மட்டும்தான் ஓடும்."

லீலாவுக்கு இப்போது எல்லாம் கோர்வையாக வந்தது. மகாராஜா ஃபேக்டரிக்குள் இருக்கும்போது அவன் போன் டிராயரில். திறக்கும் கோலம் ஊருக்கே தெரியும். தன் போனிலும் ஓகே, அவன் போனிலும் ஓகே, இரண்டையும் ஒரே ஆள் போட்டிருக்கிறான். மகாராஜா கண்டுபிடித்துப் பேட்டர்னை மாற்றிவிட்டான். மாற்றியது தெரியாமல் கையை உடைத்துப் போனைப் பிடுங்கியாயிற்று. இன்னும் சுருட்ட வேண்டிய கணக்குகளுக்கு அந்த போனேதான் வேண்டும், ஆனால் பிடுங்கியபின் 'வி' வேலை செய்யவில்லை. புதுப் பேட்டர்ன் தெரிந்த ஒரே ஆள் பெண்டாட்டி என்பதை லீலாவின் எதிரிலேயே நின்று கேட்டுக்கொண்டு போயிருக்கிறான்.

அவள் போனை எடுத்தாள். செல்வலட்சுமியின் நம்பர் அணைந்திருந்தது. அடுத்து, அவள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி கிளியம்மாளைக் கூப்பிட்டாள். "அது இன்னும் வூட்டுக்கு வர்லியேம்மா. ஆஸ்பத்திரியில தான கீது?"

லீலாவின் கண் சுவரில் நின்றது. கடன் கட்டாமல் வங்கி ஜப்தி செய்த இடங்களின் சாவிகள் ஒரு பலகையில் வரிசையாகத் தொங்கின. ஓர் ஆணி மட்டும் காலி. அதன் கீழே, 'வல்லம் வடகால், மோல்டிங் ஷெட்'.

"இந்தச் சாவி எங்கே?"

"நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி மேடம், ராஜாமணி வந்து எடுத்துட்டுப் போனாரு. சார் போன் பண்ணிச் சொன்னாராம்."

"ராஜாமணியா?" மண்ணாங்கட்டியின் முகத்தில் கேலி போய்விட்டது. "கலெக்‌ஷன் ஏஜென்ட் மேடம். பைக் டியூ கட்டலன்னு எங்க ஸ்டாண்டுல ஒருத்தன் முட்டிய ஒடச்சானே, அவன்தான்."

பேட்டர்னைச் சொல்லாவிட்டால் அடிப்பார்கள். சொல்லிவிட்டால் உயிரோடு விடமாட்டார்கள், அவர்கள் முகம் அவளுக்குத் தெரியும். லீலா படிகளில் இரண்டிரண்டாக இறங்கினாள்.

*

வல்லம் வடகாலில் நேற்றுவரை நெல் விளைந்த இடத்தில் இன்று தார் ரோடும் டிரான்ஸ்ஃபார்மரும் இருக்கின்றன. பாதி பிளாட்டுகளில் கட்டடம், மீதியில் எருமை. அண்ணாதுரையின் ஜீப் ஒரகடம் சந்திப்பில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருப்பதாக போன் வந்தது. ஷெட் வாசலில் ரகுபதியின் கார் நின்றது. ஷட்டர் முழங்கால் உயரம் தூக்கியிருந்தது.

உள்ளேயிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது. அலறல்கூட இல்லை, மூச்சு அறுபடுகிற சத்தம்.

"எறங்கு மேடம்," என்றான் மண்ணாங்கட்டி.

"நீ?"

"நான் கதவைத் தட்டிட்டு வர்றேன்."

ஷேர் ஆட்டோவைப் பின்னால் எடுத்து, முழு வேகத்தில் ஷட்டரின் மேல் விட்டான். தகரம் நடுவில் மடிந்து ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு தொங்கியது. ஆட்டோவின் முன்கண்ணாடி அவன் மடியில் கொட்டியது. லீலா ஷட்டர் இழுக்கிற கொக்கிக் கம்பியைத் தரையிலிருந்து எடுத்துக்கொண்டு அந்த இடைவெளியில் நுழைந்தாள்.

பழைய மோல்டிங் மெஷின் ஒன்றின் தூணோடு செல்வலட்சுமியைக் கட்டியிருந்தார்கள். வலது கை மட்டும் அவிழ்த்து விடப்பட்டிருந்தது. முகம் அடையாளம் தெரியவில்லை. சேலை முழுக்க ரத்தம். காலடியில் இரண்டு பற்கள் கிடந்தன. ரகுபதி போனை அவள் விரலுக்கு நேரே நீட்டியபடி நின்றார். இஸ்திரிச் சட்டையில் சிவப்பாகப் புள்ளி புள்ளியாகத் தெறித்திருந்தது. பக்கத்தில் இரும்புக் குழாயோடு ராஜாமணி.

ராஜாமணி பேசுகிற ரகம் இல்லை. திரும்பிய வேகத்தில் குழாயைச் சுழற்றினான். ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடிவந்த மண்ணாங்கட்டியின் தோளில் விழுந்தது. எலும்பு நொறுங்கியது எல்லோருக்கும் கேட்டது. அவன் கீழே விழுந்தான், விழுந்தவன் ராஜாமணியின் காலைக் கட்டிக்கொண்டு கெண்டைக்காலில் பல்லைப் பதித்தான். ராஜாமணி கத்தினான். குழாய் மண்ணாங்கட்டியின் முதுகில் இன்னொரு முறை இறங்கியது. அவன் பல்லை எடுக்கவில்லை.

லீலா கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ராஜாமணியின் மணிக்கட்டில் இறக்கினாள். குழாய் உருண்டோடியது. அடுத்த வீச்சு அதே கையின் முழங்கையில். மூன்றாவது முட்டியில். அது ஆட்டோ ஸ்டாண்டுக்காரனுக்காக. அவன் விழுந்தபின்னும் ஒன்று போட்டாள். அதற்குக் காரணம் எதுவும் இல்லை, கோபம்தான்.

ரகுபதி பின்வாசலுக்கு ஓடினார். லீலா கொக்கியை அவர் சட்டைக் காலரில் மாட்டி இழுத்தாள். சுழன்று குப்புற விழுந்து, மெஷினின் அடித்தகட்டில் மூக்கு மோதி உடைந்தது. போன் அவர் கையிலிருந்து நழுவி செல்வலட்சுமியின் காலடிக்குப் போயிற்று.

லீலா கட்டை அவிழ்த்தாள். செல்வலட்சுமி அவள் மேல் சாய்ந்து வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள்.

"சொல்லலக்கா," என்றாள். "தப்பு தப்பாப் போட்டேன். ஒவ்வொரு தப்புக்கும் அடிச்சாங்க. அஞ்சு தப்பு ஆயிட்டா போன் கொஞ்ச நேரம் தானா பூட்டிக்கிடும். அப்ப மட்டும் அடிக்க மாட்டாங்க. அதுக்காவே சீக்கிரம் சீக்கிரமாத் தப்பாப் போட்டேன்."

லீலா தன் காக்கிச் சட்டைக் காலத்தில் இந்த அடிக்குப் பாதியில் ரவுடிகள் எல்லாவற்றையும் கக்கியதைப் பார்த்திருக்கிறாள்.

தரையில் கிடந்த ரகுபதி சிரித்தார். உடைந்த மூக்கோடு சிரித்ததில் ரத்தக் குமிழி வந்தது.

"யாருக்காகம்மா இவ்வளவு அடி வாங்கினே? டிராயர்ல இருந்த போனை நான் எடுத்து அமுக்கினேன்னு உன்கிட்டச் சொன்னானா? ஒவ்வொண்ணுக்கும் ஓகே போட்டது உன் புருஷன் விரல்தான். பாதிக்குப் பாதி. பத்தலைன்னு சண்டைக்கு வந்தான். ஹெட் ஆபீசுக்குச் சொல்லிடுவேன்னு மிரட்டினான்."

"பொய்க்கா," என்றாள் செல்வலட்சுமி. "மாட்டிக்கிட்டான்ல, அதான் பொய் சொல்லுதான்."

வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

*

ரகுபதியையும் ராஜாமணியையும் அண்ணாதுரையின் ஆட்கள் ரகுபதியின் காரிலேயே ஏற்றிப் போனார்கள். ஜீப்பின் பின்சீட்டில் மண்ணாங்கட்டி தோளைப் பிடித்துக்கொண்டு முனகினான். "வண்டிக்கு டியூ இன்னும் பாக்கி கீது மேடம். கட்டலன்னா கேக்க வர்றவன் காலையும் நீ ஒடச்சிட்ட. ஒரு வகையில நல்லதுதான்."

லீலா அவனைக் கவனிக்காமல், பக்கத்தில் சாய்ந்திருந்த செல்வலட்சுமியைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் கேட்ட அந்த முனகல் அவள் காதில் திரும்பத் திரும்ப வந்தது.

"செல்வி, ஒண்ணு கேக்கறேன். உன் புருஷன் திருட்டைக் கண்டுபிடிச்சாரு. ஹெட் ஆபீசுக்கு ஒரு போன் பண்ணாரா? தங்கமாரியைக் கூப்பிட்டு போலீசுக்குப் போகச் சொன்னாரா?"

"வேலை போயிரும்னு பயந்தாக."

"திருடனைப் பார்த்தவன் கூச்சல் போடுவான். சத்தமில்லாம பூட்டை மட்டும் மாத்திட்டு உட்கார மாட்டான்." லீலாவுக்கு இதைச் சொல்லவே பிடிக்கவில்லை. "எனக்கும் நிச்சயமாத் தெரியாதும்மா. ஆனா அந்த ஆப்ல தங்கமாரிக்கு ஓகே போட்ட தேதி இருக்கும். பிராஞ்ச் தொறந்திருக்கிற நாளா இருந்தா ரகுபதி சொல்றது பொய்யா இருக்கலாம். மூடியிருக்கிற நாளா இருந்தா, அன்னைக்கு அந்த போன் எங்க இருந்துச்சுன்னு உனக்குத் தெரியும்."

செல்வலட்சுமி, ஷெட்டில் காலடியிலிருந்து எடுத்துவந்த போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். ஸ்ரீபெரும்புதூர் வரும்வரை அதைத் தொடவில்லை.

வார்டுக்குள் நுழைந்ததும், உதட்டில் தையல் போடவேண்டும் என்று நர்ஸ் அவள் பின்னாலேயே வந்தாள். செல்வலட்சுமி நிற்கவில்லை. நேரே கட்டிலருகில் போனாள். ஒரு கண் முழுக்க மூடியிருந்தது.

மகாராஜா விழித்திருந்தான். அவள் கையைப் பார்த்தான், கையிலிருந்த போனைப் பார்த்தான். அவனுடைய நல்ல கை, அந்த இடது கை, போர்வைக்கு வெளியே வந்து போனை நோக்கி நீண்டது.

"மொகத்தப் பாருங்க," என்றாள்.

அவன் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

செல்வலட்சுமியின் விரல் கண்ணாடியின் மேல் ஒரே இழுப்பில் போய் வந்தது. தப்பே இல்லாமல், முதல் தடவையிலேயே திறந்தது. ஆப்பைத் திறந்து பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"ஞாயித்துக்கெழம, மத்தியானம்," என்றாள். தலையை நிமிர்த்தவில்லை. "அன்னைக்குத் தங்கமாரி நம்ம வீட்லதான் இருந்தா. ஊருக்குப் போறான்னு கூப்பிட்டு மீன் கொழம்பு வச்சேன். வெக்கப்பட்டு ஒரு துண்டு போதும்னா. நீங்கதான் இன்னொரு துண்டு எடுத்துப் போட்டீக. போன் சத்தம் கேட்டுச்சு. ஆபீஸ் வேலைன்னு எந்திரிச்சு வாசலுக்குப் போனீக. திரும்ப வந்து அவகூட உக்காந்து சாப்பிட்டீக."

மகாராஜாவின் கம்பி கட்டிய வாய்க்குள் ஏதோ புரண்டது. கண்ணை மூடிக்கொண்டான். கை மட்டும் நீட்டியபடியே இருந்தது.

அண்ணாதுரை பார்வையைத் தரைக்கு மாற்றினார்.

செல்வலட்சுமி புருஷனுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். போனை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு புதிதாக ஒரு பேட்டர்ன் போட்டாள். போன் மறுபடி கேட்டது, மறுபடி போட்டாள். பிறகு லீலாவின் உள்ளங்கையை விரித்து, அதில் ஒரு முறை விரலால் வரைந்து காட்டினாள். ரத்தம் காயாத விரல், கோடு அப்படியே பதிந்தது.

"கோர்ட்டுல கேட்டா நானே வந்து தெறக்கேன் சார்," என்று போனை அண்ணாதுரையிடம் கொடுத்தாள்.

மகாராஜாவின் இடது கை இன்னும் நீண்டிருந்தது. அவள் அதைப் பிடித்துப் போர்வைக்குள் வைத்துவிட்டு, தையல் போட நர்ஸோடு போனாள்.